மைதானத்துக்கு ஒரு கேமரா: வாங்கும் முன் ஒரு கணக்கு

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ளது. விடுதலைப் போராட்ட வீராங்கனையும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினருமான அம்மு சுவாமிநாதன் பிறந்த ஊர் அது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அருகே, ஏலத்தோட்டங்களின் நடுவே அமைந்தது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள செல்லார்கோவிலில் நின்றால் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். பெயர் ஒன்றாயினும் இரண்டு ஊர்களின் ஒளி வேறு. பாலக்காட்டு ஆனைக்கரையில் காலை எட்டு மணிக்கே மைதானத்து மண் கண்ணைக் கூசச் செய்யும். இடுக்கி ஆனைக்கரையில் மழைக்காலத்தில் பத்து மணிக்கும் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் மூடுபனிக்குள் மறைந்திருக்கும். கேமரா வாங்குவது பற்றிய கட்டுரையில் ஊர்க்கதை எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்த ஒளியைத் தெரிந்துகொள்வதுதான்.

இடுக்கிப் பகுதிக் கிளையில் நான் பணியாற்றியபோது, சிறிய ஏலத்தோட்டம் வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் நகைக்கடன் கேட்டு வந்தார். மனைவியின் நான்கு வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எதற்காகக் கடன் என்று கேட்டபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு கடையின் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினார். புதிய மிரர்லெஸ் கேமரா ஒன்று, இரண்டு லென்ஸ்கள், பை, முக்காலி என மொத்தம் 90,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் நீளம் தாண்டுதலில் உபமாவட்ட அளவில் தேர்வாகியிருந்தாள். "கைப்பேசியில் எடுத்தால் புள்ளியாகத் தெரிகிறாள், சார். முகமே இல்லை" என்றார்.

கடன் கொடுப்பது எங்கள் தொழில். நகையின் தரமும் எடையும் சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் பணம் கொடுத்திருக்கலாம். ஆனால் பல ஆண்டுகளாக என் பிள்ளைகளின் போட்டிகளைப் படமெடுத்துத் தவறான பொருள்களில் பணத்தை இழந்தவன் நான். ஆகவே அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மகள் தாண்டும் இடத்திலிருந்து நீங்கள் எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள்? எந்த நேரத்தில் பயிற்சி? அந்த நேரத்தில் வெயில் இருக்குமா? மூன்றுக்கும் அவரிடம் விடை இல்லை. கடைக்காரரும் அவற்றைக் கேட்டிருக்கவில்லை. வளையல்களைத் திரும்ப எடுத்துச் செல்லச் சொல்லி, வரும் சனிக்கிழமை மைதானத்துக்கு நானும் வருகிறேன் என்றேன்.

அவருடைய ஆவலில் பிழையில்லை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பள்ளி மைதானத்தைச் சிறிய விஷயமாக யாரும் கருதுவதில்லை. 2002 பூசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கே.எம். பீனாமோள் இடுக்கிக்காரர், அதே போட்டியில் ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி வென்ற பினு அவருடைய உடன்பிறந்தவர். 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் பெற்ற பிரீஜா ஸ்ரீதரனும் இடுக்கி மண்ணில் பிறந்தவர். 2017, 2019 ஆகிய இரு ஆசியத் தடகளப் போட்டிகளிலும் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்ற பி.யு. சித்ரா, பாலக்காட்டு முண்டூரில் விவசாயக் கூலித் தொழிலாளர்களின் மகள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வென்ற முரளி ஸ்ரீசங்கர் பாலக்காட்டில் தம் தந்தையிடமே பயிற்சி பெற்றவர். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர், பதினேழு வயதுக்கு உட்பட்டோர் என்னும் பிரிவுகளில் ஒரு பிள்ளை இருக்கும் காலம் மிகக் குறுகியது. அந்த ஆண்டுகள் போனால் அந்தப் படங்களும் போயின.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. மணல்குழியின் பக்கவாட்டில், பயிற்சியாளர் நிற்கச் சொன்ன இடத்திலிருந்து தாண்டு பலகை வரை அடியெடுத்து அளந்தோம். பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விலைப்பட்டியலில் இருந்த பெரிய லென்ஸ் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானையைப் படமெடுக்க உகந்தது; பத்து மீட்டரில் நிற்கும் பெண்ணுக்கு அது தேவையே இல்லை.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நடுத்தர விலைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உணரி ஏபிஎஸ்-சி எனப்படும் அளவிலானது, ஏறத்தாழ 23.5 மிமீ அகலம், 15.6 மிமீ உயரம். கேமராவைக் கிடையாகப் பிடித்து எடுக்கும்போது, ஒரு பிள்ளையின் உருவம் படத்தின் உயரத்தில் பாதியை நிறைக்க வேண்டுமானால், தொலைவை மீட்டரில் அளந்து ஐந்தால் பெருக்குங்கள். கிடைக்கும் எண்தான் லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில். பத்து மீட்டருக்கு 50 மிமீ. நாற்பது மீட்டருக்கு 200. அறுபது மீட்டருக்கு 300. கபடிக் களத்தின் ஓரத்தில் அமர்பவருக்கு 50 மிமீ போதும். வாலிபால் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது; அதன் ஓரத்தில் நிற்பவருக்கு 50 முதல் 85 வரை. கால்பந்து மைதானத்தின் பக்கக்கோட்டில் நின்று நடுவே ஆடுபவரை எடுக்க 170 வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நடப்பவற்றுக்கு 300-உம் போதாது. 400 மீட்டர் ஓடுபாதையில் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கத்து ஓட்டத்தை எடுக்க நினைப்பவர், தம் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு முடிவுக்கோட்டுக்கு அருகில் இடம் பிடிப்பதே நலம். கைப்பேசியின் முதன்மை லென்ஸை இதே கணக்கில் வைத்தால் அதன் எல்லை மூன்று மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மகள் புள்ளியாகத் தெரிந்தது அதனாலேயே.

அடுத்தது ஒளி. நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை, நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. படத்தில் அது கலங்கலாகவே விழும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நகர்வு 7 மில்லிமீட்டர் மட்டுமே. முகம் தெளிவாகக் கிடைக்கும். ஆகவே ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். வாலிபால், கபடிக்கு ஐந்நூறில் ஒன்று வரை இறங்கலாம். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் போதிய ஒளி உள்ளே வர வேண்டுமல்லவா? நல்ல வெயிலில் இது சிக்கலே இல்லை. எஃப் 5.6 என்ற சாதாரண லென்ஸே ஐஎஸ்ஓ 200-இல் ஆயிரத்து அறுநூறில் ஒன்று என்ற வேகத்தைத் தந்துவிடும். பாலக்காட்டு ஆனைக்கரையில் வசிப்பவர் மலிவான ஜூம் லென்ஸுடன் நிம்மதியாக இருக்கலாம். இடுக்கியின் கார்மேகத்திலும் பனியிலும் ஒளி எட்டில் ஒன்றாகவும் பதினாறில் ஒன்றாகவும் குறையும். அப்போது அதே லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 1600, 3200 என ஏற்ற வேண்டிவரும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். உள்ளரங்கின் மங்கிய விளக்கில் நிலை இன்னும் மோசம்.

எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரியது என்று பொருள். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிடப் பத்து மடங்கு அளவுக்கு ஒளியை உள்ளே விடும். பொதுவாக இத்தகைய லென்ஸ்கள் விலை மிக்கவை; தொலைவுக்கான 70-200 எஃப் 2.8 வகை லென்ஸ் ஒன்றின் விலை பலரின் பல மாதச் சம்பளம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. 50 மிமீ எஃப் 1.8 லென்ஸை எல்லாப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கானவை புதிதாகவே ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கின்றன. நம் வாடிக்கையாளரின் மைதானத்துக்கு, அந்தப் பத்து மீட்டருக்கு, அந்தப் பனிக்கு, இதைவிடப் பொருத்தமானது இல்லை. 90,000 ரூபாய்ப் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை.

மாலை நேரப் போட்டிகளும் இப்போது பெருகிவருகின்றன. 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள மாநிலப் பள்ளித் தடகளப் போட்டி, முதன்முறையாகப் பகலிரவுப் போட்டியாக மின்னொளியில் நடத்தப்பட்டது. பாலக்காடு மாவட்டமே வாகை சூடியது. பகல் வெயிலை நம்பி லென்ஸ் வாங்கும் பாலக்காட்டுப் பெற்றோரும், மகன் மாநில அளவுக்குப் போனால் என்ன செய்வது என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

இனிக் கேமராவுக்கு வருவோம். கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இருபது மெகாபிக்சலுக்கு மேல் எதுவும் வீட்டுச் சுவருக்கும் பத்திரிகைக்கும் தாராளம். கேட்க வேண்டியவை இரண்டு. நகரும் பொருளைத் தொடர்ந்து குவியப்படுத்தும் திறன் எப்படி? நொடிக்கு எத்தனை படங்கள்? உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்தபோது, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் பிடித்தன. 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடைதாண்டலை 55.42 நொடியில் முடித்து, நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தார். சாசனின் கேமராவில் அந்த ஓட்டம் முழுவதற்கும் இரண்டு படங்களே பதிவாகியிருக்கும். இன்று நடுத்தரக் கேமராக்கள் நொடிக்கு ஆறு முதல் பதினைந்து வரை எடுக்கின்றன. இதிலும் ஏமாற வேண்டாம். ஆறு படங்கள் என்றால், ஓடும் பிள்ளை இரு படங்களுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பலகையில் கால் பதியும் கணத்தைப் பிடிக்க, எடுப்பவரின் விரல்தான் பழக வேண்டும்.

புதிதாக வாங்க வசதியுள்ளவர்களுக்குக் கேனான் ஆர்50, நிகான் இசட்50, சோனி ஏ6400 போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் நல்ல தேர்வு. முகத்தையும் கண்ணையும் தாமே தேடிப் பிடித்துத் தொடர்கின்றன. வெயிலில் நடக்கும் போட்டிகள் மட்டும், லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, பானசோனிக் எஃப்இசட்1000 போல லென்ஸ் உடனிணைந்த கேமராக்கள் உண்டு. நம் கணக்கில் ஐம்பது மீட்டர் வரை எட்டும். அவற்றின் உணரியின் பரப்பு ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கே என்பதால் மங்கிய ஒளியில் தடுமாறும். என்னுடைய பரிந்துரை, சற்றுப் பழமைவாதமாகத் தோன்றினாலும், பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர்தான். நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், ஒரு காலத்தில் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் சுமந்த கேமராக்கள் விலை இறங்கி நிற்கின்றன. 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2-உம், 2016-இல் வந்த நிகான் டி500-உம் நொடிக்குப் பத்துப் படங்கள் எடுப்பவை. விளையாட்டை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. 2015-இல் வந்த நிகான் டி7200 நொடிக்கு ஆறு படங்கள் எடுக்கும், விலையும் குறைவு. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கேமராவின் உடல் விரைவாகத் தேயும் சொத்து, நல்ல லென்ஸ் மெல்லத் தேயும் சொத்து. முதல் தேய்மானத்தை வேறு யாரோ ஏற்றுக்கொண்ட பிறகு உடலை வாங்குவதே சிக்கனம்.

பயன்படுத்தியதை வாங்கும்போது அவசரம் கூடாது. கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு லட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டவை. லென்ஸின் ஒரு முனையில் கைவிளக்கை அடித்து மறுமுனை வழியே பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் மேற்கு மலைத்தொடர் ஈரப்பதத்தில் பூஞ்சை மிக எளிதாகப் பிடிக்கும். வாங்கிய பிறகும், மழைக்காலத்தில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். துணிப்பையில் அடைத்து அலமாரிக்குள் வைப்பதுபோல் கெடுதல் வேறில்லை. அசல் ரசீதும் அதிலுள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணுடன் பொருந்த வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறும் சந்தை இது. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமராவுக்கு இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வழக்கொழிந்த லென்ஸ் இணைப்புகளையும் தவிர்க்க வேண்டும். கேனானின் எம் வரிசைக் கேமராக்கள் மலிவாக வருகின்றன. ஆனால் அந்த வரிசை 2023-இல் நிறுத்தப்பட்டது, அதன் லென்ஸ்கள் புதிய ஆர் வரிசையில் பொருந்தா.

பணம் செலுத்தும் முறை பற்றி. டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக 2019 ஜனவரியில் குறைந்தது. அதன் பலன் விலையில் ஏற்கெனவே சேர்ந்துள்ளது. கடைகளில் பலகை வைத்திருக்கும் 'வட்டியில்லாத் தவணை'யைக் கவனமாகப் படியுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டிக்கு ஈடான தொகையைக் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகத் தருகிறது; ரொக்கமாகக் கேட்டால் அந்தத் தள்ளுபடியே நேரடியாகக் கிடைக்க வாய்ப்புண்டு. கடன் அட்டைத் தவணையில் வட்டித் தொகைமீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 90,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 12 தவணைகளாகக் கட்டினால் மாதம் 8,123 ரூபாய். வட்டி மட்டும் 7,479, அதன்மீது ஜிஎஸ்டி 1,346. இரண்டும் சேர்ந்து 8,800 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு 50 மிமீ லென்ஸின் விலைக்கு அது மிக அருகில் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள்.

கேரளத்தில் உபமாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் படிப்படியாக ஏறுவது பள்ளியாண்டின் நடுப்பகுதியில். அதற்கு ஓராண்டு முன் மாதம் 3,000 ரூபாயில் ஒரு தொடர் வைப்பு தொடங்கினால், முதல் மட்டும் 36,000 ஆகிவிடும். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே கேமரா கைக்கு வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டி நாளன்று பெட்டியைப் பிரிப்பவருக்கு ஒரு படமும் தேறாது. படமெடுக்கும் முன் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவதும், ஃபிளாஷைத் தவிர்ப்பதும், பிறர் பிள்ளைகளின் படங்களை அவர்களின் பெற்றோரைக் கேளாமல் எங்கும் பகிராமலிருப்பதும் நாமே பின்பற்ற வேண்டியவை.

நம் வாடிக்கையாளருக்கு எங்கள் கிளையிலேயே ஒரு தொடர் வைப்பு இருந்தது. இரண்டு மாதங்களில் முதிர்வதாக இருந்ததை அவரே மறந்துபோயிருந்தார். காத்திருந்தார். பயன்படுத்திய டி7200 உடல் 26,000, பயன்படுத்திய 50 மிமீ லென்ஸ் 7,000, நினைவக அட்டை, கூடுதல் மின்கலம், பெட்டி ஆகியவற்றுக்கு 3,500. ஆக 36,500 ரூபாய். முதல் மூன்று வாரங்களில் அவர் எடுத்தவற்றில் மணல் மட்டுமே இருந்தது. நான்காம் வாரத்தில் மகள் படத்துக்குள் வந்தாள்.

அந்தப் படங்களைக் கேமராவின் திரையிலேயே பயிற்சியாளருக்குக் காட்டியபோது அவர் ஒன்றைப் பெரிதாக்கிக் கேட்டார். காலைப் பலகையில் ஊன்றும் கணத்தில் பெண்ணின் தலை குனிந்திருந்தது. கண் பலகையைத் தேடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த நான்கு முயற்சிகளின் படங்களிலும் அதுவே. ஓட்டத்தின் அளவு பழகாததால் கடைசி அடியில் பலகையைப் பார்த்துப் பார்த்து வேகத்தை இழக்கிறாள் என்று அவர் விளக்கினார். முன்பும் சொல்லியிருக்கிறாராம், தான் தலை குனிவதே இல்லை என்று அவள் சாதித்து வந்தாளாம். படத்தைப் பார்த்த பிறகு பேச்சில்லை. தொடக்கக் குறியை ஒன்றரை அடி பின்னே நகர்த்தி ஓடத் தொடங்கினாள்.

சென்ற ஓணத்துக்கு முன் அவர் மீண்டும் கிளைக்கு வந்தார். இளைய மகன் கால்பந்து ஆடுகிறான், இந்த லென்ஸ் எட்டவில்லை என்றார். தொலைவைக் கேட்க நான் வாயெடுக்கும் முன்பே, அறுபது மீட்டர், மாலை நான்கு மணி, மேற்கு வெயில் என்றார். முந்நூறு என்று அவரே பெருக்கியும் வைத்திருந்தார். புதியதா, பழையதா என்பது ஒன்றுதான் எங்களிடையே பேச மீதமிருந்தது.